ஏலக்காய் ஸ்டோரின் சூட்டை ஆள்வது எது?

சரத்திலிருந்து பறித்த பச்சை ஏலக்காயின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். விற்பனைக்கு வரும் உலர்காயில் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட 18 முதல் 24 மணி நேரத்தில் காயின் நிறமும் மணமும் விலையும் பெருமளவு முடிவாகிவிடுகின்றன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று பரவிக் கிடக்கும் ஏலமலையில், அந்த நேரம் முழுவதும் காய் இருக்கும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர்.

ஸ்டோரின் சூட்டை எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம், எதைக் கொண்டு நிறுத்திவைப்பது என்ற கேள்விக்கு இதுவரை நான்கு வகையான விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அடுப்பு பார்ப்பவரின் கைப்பழக்கம் ஒன்று. ஆராய்ச்சி நிலையங்களின் வெப்பநிலை அட்டவணை இன்னொன்று. தெர்மோஸ்டாட் பொருத்திய தானியங்கி டிரையர் மூன்றாவது. வெப்பநிலையை மட்டும் கேட்பது அரைக் கேள்வி, அறையின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது நான்காவது. பின்னால் வந்தது முன்னதை முற்றாக வெளியேற்றிவிடவில்லை. நான்கும் இன்று ஒரே மலையில், சில இடங்களில் ஒரே ஸ்டோருக்குள்ளேயே சேர்ந்து நடக்கின்றன.

தரையை ஒட்டி ஓடும் குழாய்

வெயிலில் உலர்த்துவதே பழைய முறை. ஐந்தாறு நாள் வெயில் பட்ட காய் வெளுத்துப்போகும். வெளுத்த காய்க்கும் சந்தை உண்டு என்றாலும், பச்சை மாறாத காய்க்குக் கிடைக்கும் விலை அதற்கு இல்லை. அறுவடைக் காலமும் வெயிலுக்கு ஒத்துவராதது. காய் எடுப்பு பெரும்பாலும் ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீள்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பின்பகுதியும் வடகிழக்குப் பருவமழை முழுவதும் இதற்குள் வந்துவிடுகின்றன. மலையடிவாரத்துப் போடியில் வெயில் காயும் நாளிலும் மேலே மேகம் தோட்டத்துக்குள் இறங்கி நிற்கும்.

இதற்குக் கிடைத்த தீர்வு புகைக்குழாய் அறை. கல் அல்லது செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே உள்கூரை. அடுப்பின் வாய் அறைக்கு வெளியே இருக்கும். அடுப்பிலிருந்து கிளம்பும் தகரக் குழாய்கள் அறையின் தரையை ஒட்டி ஓடித் திரும்பி, கூரை வழியாக வெளியேறும். புகை குழாய்க்குள்ளேயே போய்விடும். குழாயின் சூடு மட்டும் மேலே எழுந்து, அடுக்குச் சட்டங்களில் வைத்த தட்டுகளின் ஊடாக ஏறும். பழைய ரோமானியர் குளியலறைத் தரைக்கு அடியில் வெப்பக் காற்றை ஓட்டியதும், கொரிய வீடுகளில் சமையல் அடுப்பின் புகையைத் தரைக்குக் கீழே செலுத்தும் ஒண்டோலும், ஆந்திரத்தின் புகையிலைக் கொட்டகைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. குளிர்நாட்டு வீடுகளில் ஓடுகளுக்கு அடியில் மின்கம்பி பதித்துத் தரையைச் சூடாக்கும் முறை இந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு. அங்கே புகைக்குப் பதில் மின்சாரம் ஓடுகிறது.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒரு பொதுவான குணம் உண்டு. சூடு பிறக்கும் இடமும் அது தேவைப்படும் இடமும் வேறுவேறு. நடுவே கல்லோ இரும்போ மண்ணோ இருந்து சூட்டைத் தாமதப்படுத்துகிறது. கட்டுப்பாட்டுக் கருவிகள் பற்றிய வாதங்களில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

தோலில் நிறம், விதையில் மணம்

எந்த விடையையும் எடைபோட, காய்க்குள் நடப்பது தெரிந்திருக்க வேண்டும். பச்சை நிறம் தோலில் இருக்கிறது. குளோரோபில் மூலக்கூறின் நடுவில் உள்ள மக்னீசியம், சூடும் அமிலமும் சேரும்போது கழன்றுவிடும். பச்சை மங்கிப் பழுப்பு கலந்த மஞ்சளாகும். உலர்த்துவதற்கு முன்பு 2 சதவீத சலவைச் சோடாக் கரைசலில் காயைப் பத்து நிமிடம் ஊறவைக்கும் வழக்கம், தோலின் அமிலத்தன்மையைக் குறைத்து இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறது.

மணம் விதையில் இருக்கிறது. சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் அந்த எண்ணெயின் முக்கியக் கூறுகள். அவற்றின் கொதிநிலை ஸ்டோரின் சூட்டைவிட மிக அதிகம் என்றாலும், நீராவியோடு சேர்ந்து சிறிது சிறிதாக வெளியேறக்கூடியவை. தோல் முழுதாக இருக்கும்வரை அந்த இழப்பு குறைவு. தோல் வெடித்த காயில் அதிகம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சமையலுக்கு வேண்டியது விதை. ஏலத்தில் விலை சொல்பவர் கண்ணால் பார்ப்பது தோல். நறுமணப் பொருள் வாரியம் 2007இல் போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் மின்னணு ஏலத்தைத் தொடங்கியபின் விலை திரையில் ஓடுகிறது. ஆனாலும் வாங்குபவர் முன்னால் மாதிரிக் காய் இருக்கத்தான் செய்கிறது. நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவையே அவர் கணக்கு. ஆகவே சரியான சூடு எது என்ற கேள்விக்கு நடைமுறையில் கிடைத்த விடைகள் பெரும்பாலும் சரியான பச்சைக்கான விடைகளே. தோலின் பச்சைக்கும் விதையின் எண்ணெய்க்கும் உகந்த சூடு ஒன்றாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டும் பெருமளவு ஒத்துப்போவது தொழிலுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். செயற்கைப் பச்சைச் சாயம் கலக்கும் முறைகேடு அவ்வப்போது தலைதூக்குவதற்கும் தோலுக்குக் கிடைக்கும் இந்த முன்னுரிமையே வேர்.

முதல் விடை: அடுப்பு பார்ப்பவரின் கை

போடி, உத்தமபாளையம், கம்பம் வட்டாரங்களிலிருந்து காலையில் ஜீப்பில் மலையேறும் பெண்கள் பறித்த காய், மாலையில் எடை போட்டு ஸ்டோருக்கு வருகிறது. அடுப்பு எரியத் தொடங்குவது அந்தியில். உலர்த்தலின் நுட்பமான முதல் பாதி முழுவதும் இரவு வேலை. விறகை எப்போது தள்ளுவது, எப்போது சாம்பலை இழுப்பது, எந்தச் சன்னலை எத்தனை விரற்கடை திறப்பது என்பதையெல்லாம் அடுப்பு பார்ப்பவர் முடிவுசெய்கிறார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி, காயை விரலால் நசுக்கும்போது தோலின் துவட்சி, தட்டைக் குலுக்கினால் எழும் ஓசை ஆகியவை அவர் கருவிகள்.

இந்த விடையின் பலம் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆவியின் கனத்தை முகத்தால் அறிவது ஈரப்பதத்தை அளப்பதற்கு ஒப்பு. தெர்மாமீட்டர் சொல்லாத செய்தி அது. குழாயின் தாமதத்தையும் அவர் கணக்கில் வைக்கிறார். சூடு குறைந்தபின் விறகு தள்ளினால் நேரம் கடந்துவிடும் என்பதால், குறையப்போவதை முன்னறிந்து தள்ளுகிறார்.

பலவீனங்களும் தெளிவானவை. இரவு மூன்று மணிக்கு மனிதன் தூங்கிவிடுவான். ஒருவர் கைக்கு வந்தது அடுத்தவருக்கு எளிதில் கைமாறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையைச் சீக்கிரம் முடிக்கும் ஆசையில் தொடக்கத்திலேயே சூட்டை ஏற்றிவிடும் பழக்கம் பரவலானது. அப்போது தோல் வெந்து நிறம் போகும். அல்லது வெளித்தோல் இறுகி உள்ளீரம் வெளியேற வழியில்லாமல் அடைபடும். வெளியே உலர்ந்ததாகத் தோன்றும் அந்தக் காய் மூட்டைக்குள் போனபின் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாம் விடை: நிலையங்களின் அட்டவணை

1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டத்தின் கீழ் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1978இல் மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும், கீழ்ப் பழனி மலையின் தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையமும் உள்ளன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியம் நறுமணப் பொருள் வாரியத்துக்குள் அடங்கியது. உலர்த்தல் பரிந்துரைகள் இவ்வகை நிறுவனங்களின் வழியாகவே தோட்டங்களுக்கு வந்தன.

எண்கள் நூலுக்கு நூல் சற்று மாறினாலும் வடிவம் ஒன்றுதான். பெரும்பகுதி நேரமும் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ். கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் 55 அல்லது 60 டிகிரி. இறுதி ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி. சூடு ஆறுவதற்குள் காயைக் கயிற்றுப் பாயிலோ கம்பி வலையிலோ தேய்த்துக் காம்பையும் பூவின் எச்சத்தையும் நீக்க வேண்டும். கடைசிக் கட்டச் சூடு காம்பை நொறுங்கும்படி ஆக்குவதால் அந்த வேலைக்கும் உதவுகிறது.

அட்டவணையின் முதல் குறை, அது ஒரே தன்மையுள்ள காயை எதிர்பார்ப்பது. விதை கறுத்து முற்றிய, ஆனால் பழுக்காத கருங்காய்ப் பருவமே உலர்த்த ஏற்றது. ஒரே எடுப்பில் இளங்காயும் பழமும் கலந்து வருவதைத் தடுப்பது கடினம். இளங்காய் ஒரு மணியில் சுருங்கும், பழம் இன்னொரு மணியில் வெடிக்கும். இரண்டாவது குறை ரகம் சார்ந்தது. கட்டப்பனை வட்டாரத்தில் ஒரு விவசாயியின் தேர்வாகத் தோன்றிய ஞள்ளானி, சில பத்தாண்டுகளில் மலையெங்கும் பரவியது. அதன் பருத்த காய்க்கு எடையோடு ஒப்பிட்ட மேற்பரப்பு குறைவு. மெல்லிய காய்க்கு எழுதிய நேரக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. மூன்றாவது குறை இன்னும் அடிப்படையானது. 50 டிகிரி என்றால் எங்கே 50 டிகிரி? குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்த்தட்டிலும் உள்கூரையை ஒட்டிய மேல்தட்டிலும் சூடு ஒன்றாக இராது. அட்டவணை இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

மூன்றாம் விடை: தெர்மோஸ்டாட்

சூட்டைத் தானே அறிந்து நெருப்பைத் தானே அடக்கும் கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டிரெபெல், முட்டை பொரிக்கும் அடுப்புக்காக அத்தகைய ஒன்றைச் செய்தார். 1830இல் ஆண்ட்ரூ யூர் இரு உலோகப் பட்டையால் இயங்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்டோருக்கு மிக நெருக்கமானது 1880களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் செய்தது: அறை குளிர்ந்தால் உலையின் காற்றுவாய் மூடியைத் தூக்கி நெருப்பை வளர்க்கும், சூடேறினால் இறக்கி அடக்கும். இன்றைய ஹனிவெல் நிறுவனத்தின் தொடக்கம் அந்தக் கருவியில்தான். ஏலமலையில் விற்கப்படும் நவீன டிரையர்கள் சிலவற்றில் அடுப்புக்குக் காற்று ஊதும் சிறிய ஊதுவிசிறியைத் தெர்மோஸ்டாட் நிறுத்தி இயக்குவதும் இதே கருத்துத்தான்.

இந்த விடையை ஆதரிப்பவர்கள் சொல்வது எளிமையானது: எண்ணைத் திருகிவைத்தால் இரவு முழுவதும் கருவி காவல் காக்கும். மின் ஹீட்டர், டீசல், எரிவாயு ஆகியவற்றில் இது பெருமளவு உண்மை. சுவிட்சை அணைத்த சில நிமிடங்களில் மின்கம்பிச் சுருள் ஆறிவிடும். விறகில் அப்படி இல்லை. காற்றை நிறுத்தினாலும் கட்டைகள் கனன்றுகொண்டிருக்கும், குழாயும் சுவரும் வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். 50இல் அணைந்த கருவி 56 வரை ஏறுவதை வேடிக்கை பார்க்கும். பிறகு 50க்குக் கீழே இறங்கி மீண்டும் ஊதத் தொடங்கும்போது, குழாய் சூடாவதற்குள் அறை 44ஐத் தொட்டிருக்கலாம். ஒரு மாட்டுவண்டிக்கு மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பூட்டியதுபோன்ற நிலை இது. விறகு ஸ்டோரில் தெர்மோஸ்டாட் பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. உச்சச் சூட்டை அது மட்டுப்படுத்தும். ஆள் தூங்கிவிட்டால் அபாய மணி அடிக்கும். ஆனால் விளம்பரம் சொல்லும் நிலையான கோட்டை அது தராது.

பொருத்தும் விதத்தில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. மின்தரைச் சூட்டில் தெர்மோஸ்டாட் பொருத்துபவர்களின் நெடுநாள் வாதம் ஒன்று இங்கே உதவும். உணரியைத் தரைக்குள் வைப்பதா, அறைச் சுவரில் வைப்பதா? தரையில் வைத்தால் ஓடு அளவுமீறிச் சூடாகாது, ஆனால் அறை எப்படி இருக்கிறது என்று தெரியாது. சுவரில் வைத்தால் அறை தெரியும், ஆனால் அது சூடாவதற்குள் தரை எல்லை தாண்டியிருக்கும். அங்கே பரவலாக ஏற்கப்பட்ட வழி இரண்டையும் வைப்பது: காற்றின் உணரி நடத்துவதற்கு, தரையின் உணரி எல்லை காப்பதற்கு. தரை உணரியை இரண்டு கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குழலுக்குள் விடுகிறார்கள். பின்னர் பழுதானால் ஓட்டை உடைக்காமல் உருவி மாற்றலாம்.

ஸ்டோருக்கும் இது அப்படியே பொருந்தும். நடத்தும் உணரி நடு அடுக்கின் தட்டு உயரத்தில், காற்றோட்டத்துக்குள், குழாயின் நேரடிக் கதிர்வீச்சு படாதபடி ஒரு தகர மறைப்போடு இருப்பது நல்லது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்தினால் கதவு திறக்கும்போதெல்லாம் அடுப்பு வீணாக வேகமெடுக்கும். மேல் அடுக்கிலோ ஹீட்டர் வெளிவாயிலோ இன்னொரு உணரி, தனி இணைப்பில், எல்லை காக்கும் வேலைக்கு மட்டும் வேண்டும். இரண்டையும் ஒரே கருவியில் இணைத்தால், கருவி கெட்டுப்போகும் அன்று இரண்டும் சேர்ந்தே கெடும்.

மின் ஹீட்டர் உள்ள டிரையரில் வேறு சில கட்டாயங்கள். 6 கிலோவாட் ஹீட்டர் ஒற்றை முனையில், 230 வோல்ட்டில், 26 ஆம்பியர் இழுக்கும். சிறிய தெர்மோஸ்டாட்டின் உள்முனைகள் அதைத் தாங்கா. அது கான்டாக்டரை இயக்க வேண்டும், கான்டாக்டர் ஹீட்டரை இயக்க வேண்டும். அதே ஹீட்டரை மும்முனையில் பிரித்தால் ஒரு முனைக்கு எட்டு ஆம்பியர் சொச்சம்தான். விசிறி நின்றால் ஹீட்டரும் நின்றாக வேண்டும்; இந்தப் பிணைப்பு இல்லாத டிரையரில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஈரக் கையோடு தட்டு மாற்றும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் முறையான எர்த்தும் தவிர்க்க முடியாதவை. இயங்கும் எல்லைக்கும் அணையும் எல்லைக்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரி இடைவெளி வேண்டும்; அதைவிடக் குறைத்தால் கான்டாக்டர் ஓயாமல் தட்டித் தேய்ந்துபோகும்.

உணரியைச் சரிபார்ப்பதில் மலைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஐஸ் நீரில் பூஜ்யம், கொதிநீரில் நூறு என்று பார்ப்பது வழக்கம். 1,200 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். நூறு காட்டவில்லை என்று கருவியை நான்கு டிகிரி ஏற்றித் திருத்தினால், அதன்பின் 50 என்று காட்டும்போது அறை உண்மையில் 46இல் இருக்கும். தெர்மோகப்பிள் வகை உணரியின் கம்பி எட்டவில்லை என்று சாதாரணச் செப்புக் கம்பியால் நீட்டுவதும் இதேபோன்ற பிழையைத் தரும்.

நான்காம் விடை: சூட்டோடு ஈரப்பதமும்

தெர்மோஸ்டாட்டுக்கு எதிரான வலுவான வாதம் அடுப்பு பார்ப்பவரிடமிருந்து வரவில்லை. காற்றின் இயற்பியலிலிருந்து வருகிறது. மழைநாளில் 20 டிகிரியில், 95 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் வெளிக்காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 18 சதவீதமாக இறங்கிவிடும். அத்தகைய காற்றில் நனைந்த பரப்பின் வெப்பநிலை 27 டிகிரியை ஒட்டியே இருக்கும், ஏனெனில் ஆவியாகும் நீர் சூட்டைத் தின்றுவிடுகிறது. அதே அறையில் எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்தி, சன்னல்களை மூடி, காயிலிருந்து வந்த ஆவியால் ஈரப்பதம் 60 சதவீதமாக ஏறினால் நனைந்த பரப்பு 41 டிகிரிக்குப் போகும். இரண்டு வேளையும் தெர்மாமீட்டர் காட்டுவது 50. ஒன்றில் காய் உலர்கிறது, மற்றதில் அவிகிறது. ஏலக்காய்த் தோல் திறந்த நீர்ப்பரப்பு அல்ல என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தா, போக்கு பொருந்தும்.

இந்த நோக்கில் தொடக்க மணிநேரங்களின் முதன்மை வேலை காற்றை மாற்றுவது. சூட்டைக் காப்பது அதற்கு அடுத்தது. எக்ஸாஸ்ட் விசிறியை ஈரப்பத உணரியோடு இணைக்க வேண்டும், வெப்ப உணரியோடு மட்டும் இணைத்தால் போதாது என்பது இந்த நோக்குடையவர்களின் முடிவு. அடுப்பு பார்ப்பவர் முகத்தில் அடிக்கும் ஆவியைக் கொண்டு செய்ததை மின்னணுவில் செய்யும் முயற்சி என்றும் இதைப் பார்க்கலாம். முதல் விடையும் நான்காம் விடையும் இப்படிக் கைகுலுக்குவது இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

தடைகள் இரண்டு. வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் செலவழித்த சூட்டைச் சுமந்து போகிறது. காற்றைத் தாராளமாக மாற்றினால் எரிபொருள் கூடும். மலிவான ஈரப்பத உணரிகள் சூடும் ஆவியும் தூசும் நிறைந்த அறையில் சில பருவங்களுக்குள் விலகிக் காட்டத் தொடங்குகின்றன. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் இன்னும் நம்பகமானது, ஆனால் துணியை நனைத்துவைக்க ஆள் வேண்டும்.

எரிபொருள் என்ற பழைய வழக்கு

கட்டுப்பாட்டுக் கேள்வியை எரிபொருளிலிருந்து பிரிக்க முடியாது. 100 கிலோ பச்சைக்காயிலிருந்து 22 கிலோ உலர்காய் கிடைக்க 78 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். இதற்குக் கோட்பாட்டளவில் தேவையான வெப்பம் சுமார் 51 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பாதி வீணாகும் டிரையரில் 100 யூனிட்டைத் தாண்டும். விறகில் கணக்கிட்டால் கோட்பாட்டளவில் 12 கிலோ போதும். வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே காயை அடையும் பழைய அறையில் அது 120 கிலோ ஆகும்.

நிழல் மரங்களை மழைக்கு முன்பு கழிக்கும்போது கிடைக்கும் கிளைகள் சிறு தோட்டத்தின் தேவைக்குக் கைகொடுக்கும். பெரிய ஸ்டோருக்குப் போதா. ஏலமலைக் காப்பு நிலத்தில் மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. இலங்கையில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடுகள் நலிந்ததற்கான காரணங்களில் ஏலச் சாகுபடியோடு உலர்த்தும் கொட்டகைகளுக்கான விறகும் பேசப்படுகிறது. சிக்கிமில் பெரிய ஏலக்காயைப் புகையிலேயே வாட்டும் பட்டிகளுக்கு மாற்றாக, டெரி நிறுவனம் விறகை வாயுவாக்கி எரிக்கும் அடுப்பை உருவாக்கியது. அங்கே விறகு மிச்சமாகியதோடு நிறமும் எண்ணெயும் மேம்பட்டன. வாயுவாக்கும் அடுப்பின் சுடரை வால்வால் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால், விறகுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் இடையிலான பிணக்கை அது ஓரளவு தீர்க்கிறது.

மின்சாரத்துக்கு ஆதரவான வாதம் கட்டுப்பாடு. எதிரான வாதம் அளவு. ஒரு நாளைக்கு 100 கிலோ பச்சைக்காய் வரும் தோட்டத்துக்குச் சராசரி 5 கிலோவாட் போதும். 1,000 கிலோ வந்தால் 50 கிலோவாட் வேண்டும். மலைப்பாதையோரத்து மின்மாற்றியில் அதைக் கேட்பது எளிதல்ல. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழக்கமான செய்தி. முதல் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் போய், வெதுவெதுப்பான மூடிய அறையில் ஈரக்காய் கிடந்தால் இழப்பு நிச்சயம். அதனால் மின் டிரையர் வைத்தவர்கள் பலரும் விறகு அடுப்பை இடிப்பதில்லை. வெப்ப ஏற்றி வகை டிரையர், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பத்தை நகர்த்தி, ஆவியின் சூட்டையும் மீட்பதால், இந்தக் கணக்கை மாற்றக்கூடியது. சூரிய டிரையரின் குறை வெளிப்படை: காய் வரும் மாதங்களில் வெயில் வராது.

விடை காணாதவை

சில செய்திகளில் ஒப்புதல் உருவாகியிருக்கிறது எனலாம். 45 முதல் 50 டிகிரி என்ற எல்லையை யாரும் இன்று தீவிரமாக எதிர்ப்பதில்லை. தொடக்கத்தில் காற்றோட்டம் தேவை என்பதும் ஏற்கப்பட்டது. விரைந்து ஆறும் எரிபொருளில் தெர்மோஸ்டாட் நன்றாகவும், விறகில் அரைகுறையாகவும் வேலை செய்யும் என்பதில் ஐயம் குறைவு.

முடிவாகாதவை இவற்றைவிட முக்கியமானவை. கடைசிக் கட்டத்தின் 60 டிகிரி காம்பு நொறுங்கும் வசதிக்காகவா, காயின் நலனுக்காகவா என்பதைப் பரிந்துரைகள் பிரித்துச் சொல்வதில்லை; தேய்க்கும் வேலையை இயந்திரம் செய்யும் ஸ்டோரில் அந்த ஏற்றம் தேவைதானா என்பது தனியே சோதிக்கத்தக்கது. பருத்த ரகங்களுக்கான நேரக்கணக்கு, ரகவாரியாக, எண்ணெய் அளவையும் சேர்த்து எழுதப்பட வேண்டும். விறகு ஸ்டோரின் தாமதத்தை முன்கணித்து ஊதுவிசிறியை முன்கூட்டியே நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவிகள் தொழிற்சாலை உலைகளில் பழக்கமானவை. புகைக்குழாய் அறையில் அவை செலவுக்கு ஈடான பலன் தருமா என்பது, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டு இரண்டே ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்த காய் விலையையும் பொறுத்தது. நல்ல விலையில் வாங்கிய கருவி மோசமான விலையில் கடனாகிவிடுகிறது. இரண்டு ஏக்கர்காரர் தனியாக ஒரு தானியங்கி டிரையர் வாங்குவதா, பல தோட்டத்துப் பச்சைக்காயையும் கிலோக் கணக்கில் கூலிக்கு உலர்த்தித் தரும் பொது ஸ்டோருக்கு அனுப்புவதா என்பதற்கும் ஒரே விடை இல்லை. பொது ஸ்டோரில் கருவி சிறந்ததாக இருக்கலாம். ஆனால் வெவ்வேறு பருவத்துக் காய் ஒரே அறையில் சேரும்போது, எந்தத் தோட்டத்துக் காய்க்காக எண்ணைத் திருகுவது என்பதைக் கருவி சொல்லாது.